மாத்திரைக்கும் கைக்கும் நடுவே: கயலிட்சாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

43. கயலிட்சாவில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தைத் தொடங்கிய முதல் 287 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது கிடைத்த நடு எண் இது. அதாவது, அவர்களில் பாதிப்பேருக்கு, நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 43 அல்லது அதற்கும் கீழே. ஆரோக்கியமாக இருப்பவருக்கு 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் கட்டம். 43 என்றால் வாய் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, நிற்காத வயிற்றுப்போக்கு, காசநோய், மூளைக்காய்ச்சல் என்று எது வேண்டுமானாலும் எந்த வாரமும் வரலாம். மருந்து ஆரம்பித்தவர்களில் பலர் நடந்து வரவில்லை, தூக்கி வரப்பட்டார்கள்.

இடம்: தென் ஆப்பிரிக்கா, கேப் டவுன் நகரத்தின் ஓரத்து மணல்வெளி. கயலிட்சா என்றால் கோசா மொழியில் 'புது வீடு'. கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே தள்ளிவைக்க நிறவெறி அரசு 1980களில் உண்டாக்கிய குடியிருப்பு அது. வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள். 2001 மே மாதம், அங்கிருந்த அரசு சுகாதார நிலையங்களில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மாகாண அரசோடு சேர்ந்து சிகிச்சையைத் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது நூற்றுக்கு 86 பேர் உயிரோடு இருந்தார்கள். ரத்தத்தில் வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 70.

43இல் தொடங்கியவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் இந்த எண்களுக்கு இருந்த பெரிய மதிப்பு வேறு. இது நடக்கவே நடக்காது என்று பெரிய பெரிய ஆட்கள் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2001 ஜூனில், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்டின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்துப் பயனில்லை என்று வாதாடினார். காரணம்? பலர் வாழ்நாளில் கடிகாரத்தையே பார்த்ததில்லையாம். குறித்த நேரத்துக்கு மாத்திரை சாப்பிடு என்றால் அவர்களுக்கு என்ன புரியும் என்று கேட்டார். இதை ஒரு தனி மனிதரின் உளறல் என்று ஒதுக்கிவிட முடியாது. நேரத்துக்கு மருந்து சாப்பிட மாட்டார்கள், வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், ஆகவே தடுப்புப் பிரச்சாரம் மட்டும் செய்வோம் என்று கொஞ்சம் நாகரிகமான சொற்களில் வேறு பலரும் சொல்லிவந்ததுதான். 2006இல் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள் சகாரா தெற்கு ஆப்பிரிக்காவில் 77 சதவீதம். வட அமெரிக்காவில் 55.

சரி, கயலிட்சாவுக்குள் போவதற்கு முன்னால் மருந்தின் விலையைப் பேசிவிடலாம். இந்தக் கதையை யார் சொன்னாலும் விலையில்தான் தொடங்குவார்கள். என் வாதம், விலை பாதிக் கதைதான் என்பது.

ஒரு டாலருக்கும் கீழே

எச்.ஐ.வி.க்கு முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987இல் வந்தது. தனியாகக் கொடுத்தால் வைரஸ் சில மாதங்களில் அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டது. 1996இல்தான் மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால் வைரஸ் அடங்கிவிடும் என்பது தெளிவானது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் எய்ட்ஸ் இறப்பு விகிதம் 47 சதவீதம் சரிந்தது. ஆனால் ஒருவருக்கு ஓராண்டு மருந்துச் செலவு 10,000 முதல் 15,000 டாலர். அதே காலத்தில் தென் ஆப்பிரிக்காவின் அரசு மகப்பேறு மையங்களுக்கு வந்த கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. 2000ஆம் ஆண்டின் கணக்கு 24.5 சதவீதம்.

2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்துகளையும் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்களுக்கும், 600 டாலருக்கு அரசுகளுக்கும் தருகிறேன் என்று அறிவித்தார். 350 டாலர் என்றால் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு.

இது எப்படி முடிந்தது? வெறும் மலிவான உற்பத்தி என்று நினைத்தால் முக்கியமான இடம் விட்டுப்போகும். அந்த மூன்று மருந்துகளான ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் மேற்கே மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருந்தன. ஒருவர் மருந்தை இன்னொருவர் தொட முடியாது. ஆகவே அங்கே நோயாளிக்கு மூன்று டப்பா, மூன்று விலை. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமோ மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. வேறு முறையில் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். அதனால் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைக்க முடிந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பணக்கார நாட்டு நோயாளிக்கு இல்லாத வசதி ஏழை நாட்டு நோயாளிக்குக் கிடைத்தது. 2005இல் உலக வணிக விதிகளுக்காக இந்தியா தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. அந்தக் கதவு திறந்திருந்த காலத்துக்குள் இது நடந்துவிட்டதை அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

அதே வேளையில் தென் ஆப்பிரிக்காவில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. மலிவு மருந்துகளை இறக்குமதி செய்ய வழிசெய்யும் 1997ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து, மருந்து நிறுவனங்கள் 39 சேர்ந்து நீதிமன்றம் போயிருந்தன. பிரதிவாதிப் பட்டியலில் நெல்சன் மண்டேலாவின் பெயர். உலகம் முழுக்கக் கிளம்பிய எதிர்ப்பில் மானம் கப்பலேறி, 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை வாபஸ் வாங்கின.

விலை இறங்கியாயிற்று. வழக்கும் போயிற்று. இனி மருந்து வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இலவசமாகவும் வராத மாத்திரை

பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு நெவிரபின் மாத்திரை ஒன்று. பிறந்த குழந்தைக்கு மூன்று நாளைக்குள் அதே மருந்து ஒரே வேளை சொட்டாக. இவ்வளவுதான் சிகிச்சை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போவதை இது பாதியளவு குறைக்கிறது என்று 1999இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு காட்டியது. 2000 ஜூலையில், அந்த மருந்தின் நிறுவனம் வளரும் நாடுகளுக்கு ஐந்து ஆண்டுகள் இலவசமாகவே தருவதாகச் சொன்னது.

விலை பூஜ்யம். ஒரே ஒரு மாத்திரை. கடிகாரம்கூட வேண்டாம். அப்போதும் தென் ஆப்பிரிக்க அரசு அதை ஒரு மாகாணத்துக்கு இரண்டு இடம் என்று 18 சோதனை மையங்களுக்குள் அடைத்து வைத்தது. மற்ற அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவர் நினைத்தாலும் எழுதித்தர முடியாது.

குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே சந்தேகப்பட்டார். சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-ம்சிமாங் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பரிந்துரைத்தார். நிறவெறியை எதிர்த்துப் போராடி வந்த அரசு, மேற்கத்திய மருந்து நிறுவனங்களை நம்ப மறுத்தது என்பதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு மக்கள் கொடுத்த விலையை 2008இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: மருந்துகளைக் காலத்தில் கொடுக்காததால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள், தொற்றோடு பிறந்த குழந்தைகள் சுமார் 35,000.

இந்த இடைவெளியை உடைத்தது டி.ஏ.சி. என்ற சிகிச்சை உரிமை இயக்கம். 1998 டிசம்பரில் கேப் டவுனில் சாக்கி அக்மத்தும் நண்பர்களும் தொடங்கியது. அக்மத்துக்கே எச்.ஐ.வி. இருந்தது, அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை நானும் மருந்தைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இயக்கம் நெவிரபினுக்காக வழக்குப் போட்டது. 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், மக்களின் சுகாதார உரிமையை அரசு மீறுகிறது, தடையை நீக்கி மருந்தைக் கொடு என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் நாடு தழுவிய சிகிச்சைத் திட்டம் அமைச்சரவையில் நிறைவேற 2003 நவம்பர் ஆயிற்று. ஆஸ்பத்திரிகளில் தொடங்க 2004 ஏப்ரல்.

ஹமீதின் அறிவிப்பிலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டுக்கு மேல். அந்த மூன்று ஆண்டும் கயலிட்சாவில் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. அதுதான் இந்த ஆய்வின் மையம்.

உள்ளே என்ன நடந்தது

மருந்து எங்கிருந்து வந்தது? விலையைப் பாதியாக்க, 2002 ஜனவரியில் பிரேசிலின் அரசு மருந்து ஆலையான ஃபார்மாங்கினியோஸிலிருந்து மாத்திரைகளைத் தருவித்தார்கள். பிரேசில் 1996இலேயே சட்டம் போட்டு எல்லோருக்கும் இலவச சிகிச்சை தந்துவந்த நாடு.

மருந்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதைச் சுற்றி இருந்த ஆட்கள். யாருக்கும் நேராகப் போய் மாத்திரை கொடுக்கவில்லை. முதலில் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். அவர்களில் பலர் அதே தெருக்காரர்கள், சிலர் தாங்களே தொற்றோடு வாழ்கிறவர்கள். வைரஸ் என்றால் என்ன, சி.டி.4 என்றால் என்ன, ஒருவேளை தவறினால் உள்ளே என்ன ஆகிறது என்பதைக் கோசா மொழியில் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் தாண்டாத பெண்கள் தங்கள் சி.டி.4 எண்ணையும் மருந்துப் பெயர்களையும் ஒப்பித்தார்கள். வீட்டில் ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லி, மருந்து ஞாபகப்படுத்த அவரைத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கூடிப் பேசும் குழு ஒன்று.

'வீட்டில் சொல்' என்பது எழுத எளிது. டர்பன் அருகே குகு டிலமினி என்ற பெண் தனக்குத் தொற்று இருப்பதை வெளியே சொன்னதற்காக 1998 டிசம்பரில் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் டி.ஏ.சி. ஆட்கள் மார்பில் கொட்டை எழுத்தில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று அச்சிட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். தொற்று இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் அதே சட்டை. யாருக்கு இருக்கிறது என்று பார்ப்பவனுக்குத் தெரியாது. 2002 டிசம்பரில் கயலிட்சா கிளினிக்குக்கு வந்த மண்டேலா அந்தச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். அந்தப் படம் போகாத ஊர் இல்லை.

ஆட்கள் கூடக்கூட வேறொரு சிக்கல் வந்தது: வரிசை. பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க மருந்துக்கு வரவேண்டும். ஒரு மாத்திரை டப்பாவுக்காக விடியற்காலையில் வந்து மத்தியானம்வரை நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஆறாவது மாதம் ஆள் வருவதை நிறுத்திவிடுவார். 2007இல் கயலிட்சாவில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். உடல் தேறி, வைரஸ் அடங்கியவர்களை 30 பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ப்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். ஒரு சுகாதாரப் பணியாளர் எடை பார்ப்பார், இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று நாலு கேள்வி கேட்பார், பெயர் எழுதிக் கட்டிவைத்த மருந்துப் பையை எடுத்துக் கொடுப்பார். முடிந்தது, போகலாம். மருத்துவர் கிடையாது, வரிசை கிடையாது. இந்தக் குழுக்களில் இருந்தவர்களில் 97 சதவீதம் பேர் சிகிச்சையில் நிலைத்தார்கள். வழக்கமான முறையில் வந்தவர்களில் 85. புது மருந்து எதுவும் இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டதில் வந்த வித்தியாசம்.

நாடு முழுக்கவும் இதே பாடம் மெல்லப் பரவியது. 2010இலிருந்து செவிலியர்களே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார்கள். 2013 ஏப்ரலில் மூன்று மருந்தும் அடங்கிய, நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை வந்தது. ஒருவருக்கு மாதம் சுமார் 89 ராண்ட்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் கோடிக்கணக்கில் போன மலிவு மாத்திரைகளில் இருந்த ஸ்டாவுடின் மோசமான மருந்து. பாதங்களில் தீயாய் எரிச்சல். கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும். யாரைப் பார்த்தாலும் இவருக்கு அந்த நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பணக்கார நாடுகள் அதைக் கைவிட்ட பிறகும் ஏழை நாடுகளில் விலைக்காக ஓடிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதை விலக்கச் சொன்னது 2009இல். இன்று அந்த இடத்தில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. அது அடங்கிய ஒரு நாள் ஒரு மாத்திரைக் கூட்டு, 2017இல் ஆண்டுக்கு சுமார் 75 டாலர் என்று வந்து, 2023இல் 45க்கும் கீழே இறங்கியது. பக்கவிளைவு குறைவு, வைரஸ் அதை ஏமாற்றுவது கடினம். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே மருந்து என்ற நிலை இதில்தான் வந்தது.

மருந்து சாப்பிடாதவருக்குக் கிடைத்த பலன்

சிகிச்சை நோயாளிக்கு, தடுப்பு சமூகத்துக்கு என்று பொது சுகாதாரத்தில் ஒரு பழைய பிரிவினை உண்டு. 2000 வாக்கில் பணம் கொடுப்பவர்கள் எல்லாம் அதைச் சொல்லித்தான் மருந்துக்குப் பணம் தர மறுத்தார்கள். அந்தப் பிரிவினையே தப்பு என்று எச்.ஐ.வி. காட்டிவிட்டது.

2011இல் ஒன்பது நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்று போவது 96 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று போகவே இல்லை என்பதை 2016, 2019இல் வந்த ஐரோப்பிய ஆய்வுகள் உறுதி செய்தன. காரணம் எளிது: கடத்தப் போதுமான வைரஸ் வேண்டும், அந்த அளவுக்கு அது உடல் திரவங்களில் இல்லை.

ஆய்வில் நடப்பது ஊரில் நடக்குமா? குவாசுலு-நடால் மாகாணத்தின் ஹ்லபிசா பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தொற்றுள்ளவர்களில் 30 முதல் 40 சதவீதம் பேர் மருந்தில் இருந்தால், 10 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் இடத்தைவிட, தொற்று இல்லாதவருக்கு அது வரும் வாய்ப்பு 38 சதவீதம் குறைவு என்று அங்கே கண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விழுங்கும் மாத்திரை இவரைக் காக்கிறது. அதே இடத்தில் வயது வந்தோரின் சராசரி ஆயுள் 2003இல் 49.2, 2011இல் 60.5. எட்டு ஆண்டில் பதினொரு வயது. அமைதிக் காலத்தில் ஒரு சமூகத்தின் ஆயுள் இவ்வளவு வேகமாக ஏறுவது அபூர்வம். அம்மா சாகாமல் இருந்தால் பிள்ளை பள்ளிக்குப் போகும், பாட்டியின் ஓய்வூதியம் பாட்டிக்கே இருக்கும். அதெல்லாம் இந்தக் கணக்கில் வராதவை.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2015இல் உலக சுகாதார நிறுவனம், சி.டி.4 எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்காமல், தொற்று தெரிந்தவுடனே மருந்து தொடங்கு என்றது. 43க்கு இறங்கும்வரை ஆளைக் காக்கவைத்த காலம் எழுத்தளவிலாவது முடிந்தது.

உலகக் கணக்கு: 2004இல் எய்ட்ஸால் இறந்தவர்கள் சுமார் 21 லட்சம். 2024இல் 6.3 லட்சம். அந்த ஆண்டு தொற்றோடு வாழ்ந்த 4.08 கோடி பேரில் 3.16 கோடி பேர் மருந்தில் இருந்தார்கள். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்காக 2002இல் தொடங்கிய உலக நிதியமும், 2003இல் அமெரிக்கா அறிவித்த பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டமும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் தொற்றுள்ள குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேல்தான், 55 சதவீதம்தான், மருந்தில் இருந்தார்கள். ஆண்கள் பெண்களைவிடத் தாமதமாக வருகிறார்கள். 2024இல் மட்டும் புதிதாகத் தொற்று வந்தவர்கள் 13 லட்சம்.

2025

ஜனவரி 20 அன்று புது அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. தென் ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே எச்.ஐ.வி. மாத்திரைகளை அரசே தன் பணத்தில் வாங்குகிறது. அமெரிக்கப் பங்கு மொத்த எச்.ஐ.வி. செலவில் சுமார் 17 சதவீதமாகத்தான் இருந்தது. ஆகவே அலமாரியில் மருந்து தீரவில்லை. பிறகென்ன கவலை என்று கேட்டவர்கள் உண்டு.

அந்த 17 சதவீதம் போனது ஆட்களுக்கு. ஆலோசகர்கள், பதிவேட்டில் பெயரைப் பார்த்து யார் இந்த மாதம் வரவில்லை என்று கண்டுபிடிப்பவர்கள், வீடு தேடிப் போகிறவர்கள், பாலியல் தொழிலாளிகளுக்கும் திருநங்கைகளுக்கும் தனியே கிளினிக் நடத்தியவர்கள். கிளினிக் கதவில் காகிதம் ஒட்டிப் பூட்டினார்கள். 2001இல் கயலிட்சாவில் மாத்திரைக்கும் கைக்கும் நடுவே நின்ற அதே வகை மனிதர்கள்தான் முதலில் வெளியேற்றப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கா இன்னொரு மருந்துக்குத் தடுப்பு மருந்தாக அனுமதி கொடுத்தது: லெனகபவிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஊசி. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில், 2024இல் ஆய்வின் முடிவு வந்தபோது, ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் ஆண்டு விலை 28,218 டாலர். இந்திய ஜெனரிக் நிறுவனங்கள் 2027இலிருந்து 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 2001இல் அறிவிப்பைக் கேட்டவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்றால், ஆறாவது மாதம் அந்தப் பெண் வரவில்லை என்பதை யாராவது பதிவேட்டில் பார்க்க வேண்டும். அப்புறம் அவள் தெருவுக்குப் போய், அம்மாவுக்குத் தெரியாமல், அவளைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.